மழலை எதற்குச் சிரிக்கிறது?

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்வி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. அந்த நகை தோன்றும் இடங்கள் நான்கு என்றும் வகுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்ந்து சிரிப்பதும், அறியாமையைக் கண்டு சிரிப்பதும் நமக்குப் பழக்கமானவையே. இரண்டாவதாக நிற்கும் 'இளமை'தான் நம்மைச் சற்று நிறுத்துகிறது. குழந்தைப் பருவமே சிரிப்புக்கு ஒரு காரணமாகிறது என்கிறார் ஆசிரியர். தத்தித் தத்தி நடக்கும் பிள்ளையைக் கண்டு சிரிக்காதவர் யார்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே சிரிப்பவர் பெரியவர். குழந்தை, சிரிப்புக்குக் காரணமான பொருள் மட்டுமே. அந்தக் குழந்தை எதைக் கண்டு சிரிக்கிறது என்று இலக்கணம் கேட்கவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் சப்பாணிக்கு இடம் உண்டு, முத்தத்திற்கு இடம் உண்டு, நிலவை அழைப்பதற்கும் இடம் உண்டு. சிரிப்புக்கென்று தனிப் பருவம் இல்லை.

நூல் எழுதியவர்கள் கேட்காததைப் பாட்டிமார்கள் அறிந்திருந்தார்கள். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, அதில் தம் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைவதுபோல் கடைவார்கள். சோறு போட்டு, நெய் விட்டுப் பிசைவதாகப் பாவனை. விரல் விரலாக மடக்கி, இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு என்று பங்கு வைப்பார்கள். பிறகு நண்டு ஊர்கிறது, நரி ஊர்கிறது என்று விரல்களால் பிள்ளையின் கைமேல் மெல்ல ஏறுவார்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள்... அக்குளை நெருங்க நெருங்கப் பிள்ளை நெளியும். விரல் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே வீடே அதிரும்படி சிரித்துவிடும்.

தொடுவதற்கு முன்பே ஏன் சிரிப்பு வந்தது? நண்டு எங்கே போகும் என்பது பிள்ளைக்குத் தெரியும். எப்போது போய்ச் சேரும் என்பதுதான் தெரியாது. தெரிந்ததும் தெரியாததும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் சிரிப்பு வெடிக்கிறது. எண், உறவு, உடலுறுப்பு, வரிசை, பகிர்வு ஆகிய ஐந்து பாடங்கள் இந்த இரண்டு நிமிட விளையாட்டில் அடங்கியிருக்கின்றன. பாடம் என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

தந்தையின் குறிப்பேடு

குழந்தை எதற்குச் சிரிக்கிறது என்று கூர்ந்து பார்த்து, நாள் கணக்கிட்டுக் குறித்து வைத்தவர்களுள் முதன்மையானவர் பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பர் 27-இல் பிறந்தான். கடற்பயணத்தில் பறவைகளையும் பாறைகளையும் குறித்துக்கொண்ட அதே கவனத்தோடு தம் தொட்டில் பிள்ளையையும் டார்வின் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளுள் சில 1872-இல் வெளிவந்த, மனிதர் விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய அவருடைய நூலில் இடம்பெற்றன. 1877-இல் 'மைண்ட்' என்னும் ஆங்கில இதழில் அவை தனிக் கட்டுரையாகவே வந்தன.

பிள்ளை உண்மையாகப் புன்னகைத்தது 45-ஆம் நாள் என்கிறார் டார்வின். 110-ஆம் நாள் ஒரு துணியை அதன் முகத்தின்மேல் போட்டுச் சட்டென்று எடுத்தபோது அது பெரிதும் மகிழ்ந்தது. தந்தை தம் முகத்தை மூடியிருந்து திடீரெனத் திறந்து காட்டியபோதும் அப்படியே. அப்போது எழுந்த சிறு ஒலிதான் சிரிப்பின் தொடக்கம் என்று எழுதினார். வியப்பே இதற்குக் காரணம். பெரியவர்களின் நகைச்சுவையும் பெரும்பாலும் வியப்பில்தான் பிறக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். நம் தாய்மார்கள் முந்தானையால் முகத்தை மூடித் திறந்து காட்டுவதும் இதே சோதனைதான். அவர்கள் குறிப்பேடு வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

கூச்சத்தைப் பற்றியும் டார்வின் நுட்பமான ஒன்றைச் சொன்னார். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை. ஆகவே தொடப்படும் இடம் முன்கூட்டியே சரியாகத் தெரிந்திருக்கக் கூடாது என்று ஊகித்தார். அறிமுகமில்லாத ஒருவர் கூச்சம் காட்டினால் சிறு குழந்தை சிரிக்காது, அஞ்சி அலறும் என்றும் எழுதினார். இந்த ஊகத்திற்கு விடை கிடைக்க ஒன்றேகால் நூற்றாண்டு ஆயிற்று. 1998-இல் லண்டனில் சாரா பிளேக்மோர், டேனியல் வோல்பெர்ட், கிறிஸ் ஃப்ரித் ஆகியோர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர். நம் கை எங்கே படப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்னரே கணித்துவிடுகிறது. கணித்த தொடுகையின் வேகத்தைக் குறைத்தும்விடுகிறது. பிறர் கையை அதனால் அவ்வளவு சரியாகக் கணிக்க முடியவில்லை. பாட்டியின் நண்டு தன் வேகத்தை மாற்றி மாற்றி ஊர்வது வீணான அலங்காரம் அன்று.

டார்வின் சொன்ன எல்லாமே நிலைத்துவிடவில்லை. குழந்தையின் அந்தத் தொடக்க ஒலிகள் மூச்சை வெளியே விடும்போதுதான் எழுகின்றன என்றார் அவர். நெதர்லாந்தின் மரிஸ்கா கிரெட் என்பவரும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கைக்குழந்தைகள் சிம்பன்சிக் குரங்குகளைப் போலவே மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் சிரிக்கின்றன. வளர வளரத்தான் வெளிமூச்சின் பங்கு கூடுகிறது என்பது அவர்கள் முடிவு.

இயற்பியல் கற்பிப்பவன் ஆதலால் இங்கே ஓர் அளவைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பெரியவர் சிரிப்பொலியை ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்கர் அளந்தார். 'ஹ' என்னும் ஒவ்வோர் ஒலித்துண்டும் ஏறத்தாழ 75 மில்லி வினாடி நீடிக்கிறது. ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் ஏறத்தாழ 210 மில்லி வினாடி. அதாவது வினாடிக்கு ஐந்து துடிப்புக்குச் சற்றுக் குறைவு. எங்கள் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் விசைத்தறி ஓசை கேட்காத தெரு அரிது. சாதாரண விசைத்தறியில் நாடா வினாடிக்கு இரண்டு அல்லது இரண்டரை முறை ஓடும். எனவே சிரிப்பு, தறியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது! தறி ஓடும் வீட்டில் தாயின் தாலாட்டு ஓசையில் அமிழ்ந்துபோகும். அங்கே பிள்ளையைச் சிரிக்க வைப்பவை பெரும்பாலும் அவள் முகமும் கையுமே.

முகமூடி அணிந்த தந்தை

கூச்சத்துக்குச் சிரிப்பது பிறவிக் குணமா, பிறரைப் பார்த்துப் பழகியதா? அமெரிக்க உளவியலார் கிளாரன்ஸ் லூபா இதற்கு விடைகாணத் தம் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கினார். தமக்குப் பிறந்த மகனுக்கு யாரும் சிரித்துக்கொண்டே கூச்சம் காட்டக் கூடாது என்று வீட்டில் தடை விதித்தார். குறிப்பிட்ட நேரங்களில் தாம் மட்டும் முகமூடி அணிந்து, முகபாவம் தெரியாதபடி கூச்சம் காட்டிக் குறித்துக்கொண்டார். 1933-இல் ஒருநாள் அவர் மனைவி தம்மை மறந்து, பிள்ளையைக் குதிக்க வைத்துச் சிரித்துவிட்டார்! ஆய்வு முறைப்படி அது ஒரு விபத்துதான். எந்தத் தாய்க்கு அத்தகைய தடையைக் காக்க முடியும்? ஆயினும் ஏறக்குறைய ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை கூச்சத்துக்குத் தானாகவே சிரித்தான். பின்னர்ப் பிறந்த மகளிடமும் அதே சோதனை, அதே முடிவு. 1941-இல் இவ்விரு வரலாறுகளையும் லூபா வெளியிட்டார். இரண்டே குழந்தைகளை வைத்துப் பெரிய முடிவுக்கு வர இயலாது என்பது உண்மைதான்.

முகமூடி 1972-இல் மீண்டும் வந்தது. இம்முறை அதை அணிந்தவர் தாய். மினசோட்டாவில் ஆலன் ஸ்ரூஃப் என்பவரும் ஜேன் வுன்ஷ் என்பவரும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எவையெல்லாம் சிரிக்கவைக்கின்றன என்று மாதவாரியாகப் பார்த்தார்கள். தாய்மார் வாயால் 'பப்' என்று ஒலி எழுப்பினார்கள், வயிற்றில் முத்தமிட்டார்கள், பென்குவின் பறவைபோல் ஆடி ஆடி நடந்தார்கள், குழந்தையின் பால்புட்டியைத் தாமே சப்பினார்கள். நாலைந்து மாதக் குழந்தைகள் தொடுதலுக்கும் ஒலிக்குமே சிரித்தன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளோ பார்வைக்கு முரணானவற்றுக்குச் சிரித்தன. பால்புட்டியைச் சப்புவது அம்மா செய்யும் வேலை அன்று என்று தெரிந்த குழந்தைக்குத்தானே அது வேடிக்கை! முகமூடி அணிந்து வந்தவர் தாயானால் சிரிப்பு. அதே முகமூடியை அந்நியர் அணிந்தால் பெரும்பாலும் அச்சம், சில வேளை அழுகை. பொருள் ஒன்றே, பாதுகாப்பு இருந்தால் அது வேடிக்கை, இல்லாவிட்டால் பயங்கரம்.

நாய் மியாவ் என்றது

பேசத் தொடங்கிய குழந்தையின் சிரிப்பை ஆராய்ந்தவர்களுள் ருசியக் கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி தனி இடம் பெறுகிறார். குழந்தை மொழி பற்றிய அவருடைய நூல் முதலில் 1928-இல் வெளிவந்தது. பின்னர் 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற பெயர் பெற்றுப் பல பதிப்புகள் கண்டது. அதில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். இரண்டு வயது இன்னும் நிரம்பாத அவர் மகள் ஒருநாள் குறும்பும் தயக்கமுமாக அவரிடம் வந்தாள். நாய் 'மியாவ்' என்று கத்துகிறது என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய வாழ்வின் முதல் நகைச்சுவை அது! தந்தை புரிந்துகொண்டு விளையாட்டில் சேர்ந்தார். உடனே சேவலும் பசுவும் தத்தம் குரலை மாற்றிக்கொண்டன.

அப்பா திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "தப்பு, நாய் குரைக்கும்" என்று ஓர் ஆசிரியர் திருத்துவதைத்தான் நாம் கடமை என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் பெண் தவறு செய்யவில்லை. நாய் குரைக்கும் என்பது அவளுக்கு ஐயமறத் தெரியும். தெரிந்ததனால்தான் அதைத் தலைகீழாக்கிப் பார்த்தாள். சரியான வரிசை மனத்தில் உறுதியாகப் பதிந்த பிறகே குழந்தை அதைக் கலைத்து விளையாடுகிறது என்பது சுக்கோவ்ஸ்கியின் வாதம். என் கருத்தில், சிறுவர் கல்வி பற்றி இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் சொல்லப்பட்டவற்றுள் ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படுவது இதுவே. சிரிப்பு, பிள்ளை தானே எழுதிக் கொடுக்கும் விடைத்தாள். அதைத் திருத்த வேண்டியதில்லை; படித்துப் பார்த்தால் போதும்.

அமெரிக்கர் பால் மெக்கீ 1979-இல் வெளியிட்ட நூலில் இவ்வளர்ச்சியைப் படிகளாக வகுத்தார். முதலில் பொருளை மாற்றிப் பயன்படுத்துதல்: செருப்பைக் காதில் வைத்துத் தொலைபேசியாக்கல். பிறகு பெயரை மாற்றுதல். பிறகு இல்லாத உருவங்களைக் கற்பித்தல். ஏழு வயதை ஒட்டித்தான் ஒரு சொல்லுக்கு இரு பொருள் கண்டு சிரித்தல். எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டாம் படிக்குக் கூடுதல் வசதி உண்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த நிலம் இது. இன்றும் பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. தெலுங்கில் 'பில்லி' என்றால் பூனை. தமிழில் 'பிள்ளை' என்றால் குழந்தை. இரண்டும் தெரிந்த நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட வேறென்ன வேடிக்கைச் சரக்கு வேண்டும்?

சுக்கோவ்ஸ்கிக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அவருடைய 'முதலை' என்னும் வேடிக்கைக் கதைப்பாட்டு பிள்ளைகளுக்கு ஆகாதது என்று 1928-இல் 'பிராவ்தா' நாளிதழில் கண்டித்து எழுதியவர் சாதாரண மனிதர் அல்லர். லெனினின் துணைவியாரும் சோவியத் கல்வித் துறையின் முன்னோடிகளுள் ஒருவருமான குரூப்ஸ்கயா. பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், முதலை சட்டை போட்டுத் தெருவில் நடக்கும் என்று சொல்லலாமா என்பது அன்றைய கல்வியாளர்களின் கேள்வி. அந்தக் கேள்வி அப்போது நம் நாட்டிலும் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது.

மீசை வைத்த அம்மா

நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நெடுங்கணக்கும் மனப்பாடமாயின. அவற்றின் நினைவாற்றல் பயிற்சியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் பிரம்பும் கோதண்டமும் அப்பள்ளிகளின் நிலையான தளவாடங்கள். உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் தண்டனையே கோதண்டம். விடுகதையும் நண்டு விளையாட்டும் வாசலோடு நின்றுவிட்டன. ஆங்கிலேயர் காலப் பள்ளி வந்தபோது பிரம்பு மாறவில்லை. பாடநூல் மட்டும் மாறியது.

ஐரோப்பாவில் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6-இல் ரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். சிரிப்பைப் பற்றி அவர் எழுதிய ஒரு நிகழ்ச்சி எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று சற்று வேடிக்கையாகவே பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படி மறைவாகப் பிடிப்பது, ஓசைப்படாமல் எப்படிச் சிந்துவது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊன்றிக் கவனித்தார்கள். முடிந்ததும் அரங்கத்தில் கேட்பதுபோல் கைதட்டினார்கள். மூக்கொழுகுவதற்காக எந்நேரமும் ஏச்சும் கேலியும் கேட்ட பிள்ளைகள் அவர்கள். இகழாமல் சொல்லிக் கொடுத்தவர் அவர் ஒருவரே. பெரியவருக்கு வேடிக்கை என்று தோன்றுவது பிள்ளைக்கு மானப் பிரச்சினையாக இருக்கக்கூடும் என்பதை மாண்டிசோரி அன்று கண்டுகொண்டார். தொல்காப்பியர் முதலில் வைத்த எள்ளல் இதுதான்.

மாண்டிசோரியின் நூல்களைப் படித்துத் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட இந்தியர் கிஜுபாய் பதேக்கா. 1885 நவம்பர் 15-இல் சௌராஷ்டிரத்தில் பிறந்தவர். வழக்கறிஞர். சில ஆண்டுகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தவர். 1913-இல் மகன் பிறந்தபோது, இவனை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற கவலை அவரைக் கல்வி நூல்களின் பக்கம் திருப்பியது. வக்கீல் தொழிலை விட்டு, பாவ்நகரில் நானாபாய் பட் நடத்திய தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே 'பால மந்திர்' தொடங்கினார். பெரிய மீசை வைத்த அந்த மனிதரைப் பிள்ளைகளும் பெற்றோரும் 'மீசை வைத்த அம்மா' என்றே அழைத்தார்கள்.

1932-இல் குஜராத்தியில் வெளிவந்த அவருடைய 'திவாஸ்வப்ன' ஒரு கற்பனை ஆசிரியரின் ஓராண்டு அனுபவம். தமிழிலும் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. அதன் தொடக்கமே சுவையானது. புதுமை செய்யப் புறப்பட்ட ஆசிரியர், மாண்டிசோரி முறையில் வரும் மௌன விளையாட்டை முதல் நாளே நான்காம் வகுப்பில் நடத்துகிறார். கதவுகளைச் சாத்தி, அமைதியாக இருந்து ஓசைகளைக் கேளுங்கள் என்கிறார். பிள்ளைகள் விலங்குகளைப்போல் கத்திக் கும்மாளமிடுகிறார்கள். திட்டம் தவிடுபொடியாகிறது. அன்று விடுமுறை விட்டுவிட்டு, மறுநாள் ஒரு கதையோடு வருகிறார். வகுப்பு அடங்குகிறது! ஏட்டிலிருந்து இறக்கிய மௌனம் செய்யாததைக் கதை செய்தது.

இங்கேதான் சீடர் குருவை விட்டு விலகுகிறார். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதைகள் வேண்டாம் என்பது மாண்டிசோரியின் எண்ணம். ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும் பிள்ளையின் அமைதியான மகிழ்ச்சியே அவருக்கு உயர்ந்தது. கிஜுபாயோ கருவிகளை ஏற்றுக்கொண்டார்; கதைகளை விடவில்லை. கதை சொல்லும் கலைக்கென்றே நூல் எழுதினார். அவர் மறுவடிவம் தந்த மகிழ்ச்சியான காக்கையின் கதை குஜராத்தில் இன்றும் வழங்குகிறது. அரசன் காக்கையைத் தண்டிக்கிறான். சேற்றில் எறிந்தால், சறுக்கப் பழகுகிறேன் என்கிறது காக்கை. கிணற்றில் போட்டால், நீந்தப் பழகுகிறேன் என்கிறது. முள்ளில் போட்டால், காது குத்திக்கொள்கிறதாம்! ஒவ்வொரு தண்டனைக்கும் பிள்ளைகள் காக்கையின் விடையை முந்திக்கொண்டு ஊகிப்பார்கள். நண்டு விளையாட்டின் அதே பொறி. பிரம்பு ஆண்ட காலத்தில், தண்டனையைக் கண்டு சிரிக்கும் ஒரு பறவையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கிஜுபாய் 1939 ஜூனில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றில் வந்து இறங்கினார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். ஐந்தே மாத இடைவெளியில் அந்தச் சந்திப்பு தவறிப்போயிற்று. கதையைப் பற்றி இருவரும் என்ன வாதிட்டிருப்பார்கள்! 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், பகை நாட்டவர் என்று அவர் மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டதும், அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று விடுவிக்கப்பட்டதும் தனிக் கதை. போர்க்கால ஆண்டுகளில் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் நாடெங்கும் பள்ளிகள் தொடங்கினர். அப்பள்ளிகள் பெரும்பாலும் கட்டணம் செலுத்த முடிந்தவர்களுக்கே கிட்டின.

முற்றத்துப் பள்ளி

ஏழைப் பிள்ளையை அடைந்த கிளை பாவ்நகரிலிருந்து புறப்பட்டது. கிஜுபாயோடு பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் ஊர்ப்புறக் குழந்தைகளுக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார். அனுதாய் வாக் துணை நின்றார். அருகிலிருந்த பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. எனவே பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குச் சென்றது. 'ஆங்கன்' என்றால் முற்றம். அந்த முற்றத்துப் பள்ளிக்கு அவர் இட்ட பெயர்தான் 'அங்கன்வாடி'. கூழாங்கல்லும் விதையும் இலையும் கருவிகள். பாட்டும் கதையும் பாடங்கள்.

1975 அக்டோபர் 2-இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது, இரண்டு வயது முதல் பிள்ளைகள் குழந்தைகள் மையங்களில் உணவு பெற்றனர். இன்று மாநிலத்தில் 54,000-க்கு மேற்பட்ட மையங்கள் உள்ளன. சோறும் முட்டையும் தராசில் நிறுக்கக்கூடியவை. பிள்ளையின் எடையையும் பதிவேட்டில் எழுதலாம். சிரிப்புக்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை. ஆகவே 'முன்பருவக் கல்வி' என்ற சொல்லுக்குப் பெற்றோர் தாமே ஒரு பொருள் கொண்டனர்: எத்தனை எழுத்து எழுதுகிறான்? 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட இயலாத தறித்தொழிலாளிக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்று வயது விரல் பென்சிலைப் பிடிக்கும் நேரத்தில் பாதியையாவது நண்டு ஊர விட்டிருக்கிறோமா என்பதுதான் என் ஐயம். மாநில அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயர் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. பெயரில் குறையொன்றும் இல்லை.

2022 ஜூன் 13-இல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டு, பொம்மலாட்டம், கதை வழியாகக் கற்பித்தல் அதன் முறை. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுசெய்ய வந்த திட்டத்திற்குப் பொம்மையின் துணை தேவைப்பட்டது என்பது பொருளுள்ள செய்தி. பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. பிரம்பை எடுத்துவிடலாம். வகுப்பு முழுவதும் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும்படி ஆசிரியர் சொல்லும் ஒரு சொல்லை எப்படி எடுப்பது?

சிரித்தால் கற்பார்களா?

கற்பிப்போர் நேராகக் கேட்கும் கேள்வி இது. இங்கே சற்று நிதானம் வேண்டும். பிரான்ஸ் நாட்டில் ரானா எசெய்லியும் துணைவர்களும் 2016-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பதினெட்டு மாதக் குழந்தைகளின் கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு பொம்மை. சிறு துறட்டி போன்ற கோலால் அதை இழுத்தெடுப்பதைப் பெரியவர் செய்து காட்டுகிறார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பொம்மையை எடுத்ததும் சும்மா விளையாடிக் காட்டினார். மற்றப் பகுதியினருக்கு எடுத்த பொம்மையை வேடிக்கையாகத் தரையில் வீசினார். வீசியதைக் கண்டு சிரித்த குழந்தைகள், சிரிக்காதவர்களைவிட நன்றாகக் கோலைப் பயன்படுத்தக் கற்றார்கள். சிரிப்பு கற்க வைத்ததா, அல்லது கூர்மையான குழந்தைகள்தாம் சிரித்தார்களா? ஆய்வாளர்களே இந்த ஐயத்தை எழுப்பியிருக்கிறார்கள். சோதனை அதைத் தீர்த்துவிடவில்லை.

ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் டோல்ஃப் சில்மனும் குழுவினரும் 1980-இல் தொலைக்காட்சிப் பாடங்களுக்கிடையே வேடிக்கைத் துணுக்குகளைச் செருகிப் பார்த்தனர். துணுக்குகள் கவனத்தைக் கூட்டின. பாடமும் கூடுதலாகப் பதிந்தது. பெரிய மாணவர்களிடம் கதை வேறு. கல்லூரி மாணவர்களை வைத்து கேப்லனும் பாஸ்கோவும் 1977-இல் செய்த ஆய்வில், நகைச்சுவையால் பாடம் முழுவதும் நன்றாகப் புரிந்துவிடவில்லை. ஆறு வாரங்களுக்குப் பின், வேடிக்கையான எடுத்துக்காட்டோடு பிணைத்துச் சொன்ன கருத்துகள் மட்டும் கூடுதலாக நினைவில் இருந்தன. துணுக்கு நினைவிருக்கும், விதி மறந்திருக்கும் என்பது கல்லூரி ஆசிரியர் எவரும் அறிந்ததே. நியூட்டனின் முதல் விதியைச் சொல்லும்போது, பேருந்து சட்டென்று நின்றதும் முன்னால் சாயும் நடத்துநர் வந்தால் பயன் உண்டு. அதே நடத்துநர் மின்னோட்டப் பாடத்தில் வந்தால் மாணவர் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

இதை வாசிக்கும் மாணவர்களுள் பலர் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கலாம். டார்வினுக்கு வேண்டியிருந்தவை ஒரு குறிப்பேடும் பொறுமையும்தாம். பிறந்த நாளைக் குறித்துக்கொண்டு, குழந்தை முதலில் தொடுகைக்குச் சிரித்த நாள், முகத்தை மூடித் திறந்ததற்குச் சிரித்த நாள், நண்டு அக்குளைத் தொடுமுன்பே சிரித்த நாள், தலைமேல் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்ட அக்காவைப் பார்த்துச் சிரித்த நாள், பெயரை மாற்றிச் சொல்லித் தானே சிரித்த நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இரண்டு மொழி புழங்கும் வீடானால் எந்த மொழியில் முதல் வேடிக்கை வந்தது என்பதையும் குறியுங்கள். முகமூடிச் சோதனை செய்வதானால் அதை அணிபவர் அம்மாவாக இருக்கட்டும். குழந்தை முகம் சுளித்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.